மான் மயிர் விரியவே மாட்டேன் என்கிறது, மட்லர் தலை கட்டத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

மார்க்கத்தான் எழுதியது:

வணக்கம். கனடாவில் மார்க்கத்தில் இருந்து எழுதுகிறேன். மூன்று வருடமாக ஃப்ளை தூண்டிலோடு ட்ரவுட் பிடிக்கப் போகிறேன். இந்த வின்ரரில் ஃப்ளையை வீட்டிலேயே கட்டவும் தொடங்கியிருக்கிறேன். தெரியாமல் இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு: ஃப்ளை என்றால் பறக்கிற ஈ அல்ல. வெறும் தூண்டில் முள்ளில் இறகு, மயிர், நூல் எல்லாம் சுற்றி, பூச்சி என்றோ குஞ்சு மீன் என்றோ மீன் நம்பும்படி செய்கிற பொய் இரை.

வூலி பகர், ஃபெசன்ட் டெயில் என்ற இரண்டு ஃப்ளை வகையும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. முதலாவது வூலி பகரைப் பார்த்துவிட்டு மகள், "அப்பா, இது வாக்குவம் மெஷினுக்குள் இருந்து எடுத்ததா?" என்று கேட்டாள். இப்போது அப்படிக் கேட்பதில்லை.

சிக்கல் மட்லர் மின்னோ என்ற குட்டி மீன் மாதிரி ஃப்ளையில். வால், உடம்பு, வான்கோழி இறகுச் செட்டை எல்லாம் சரியாக வருகிறது. கடைசியில் மான் மயிரால் தலை கட்ட வேண்டுமே, அங்கேதான் எல்லாம் குழம்புகிறது. வீடியோவில் கட்டுகிறவர் ஒரு பிடி மயிரை வைத்து நூலை இழுக்கிறார், மூன்று செக்கனில் பூ மாதிரி விரிகிறது. நான் இழுத்தால் விளக்குமாற்றுக் கட்டு மாதிரி அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நூல் அறுந்து, செட்டையும் சேர்ந்து கழன்று மேசையில் விழுகிறது. இதுவரை ஒன்பது முறை. ஏழாவதில் மட்டும் அடிப்பக்கம் கொஞ்சம் விரிந்தது. மேலே தண்டு மொட்டையாகத் தெரிய, மயிர் முழுவதும் கீழே போய்விட்டது. அதையும் விடாமல் கத்தரித்துப் பார்த்தேன், எலி கடித்த தேங்காய் மாதிரி வந்தது.

முள் 6-ஆம் நம்பர், நீளத் தண்டு. நூல் 8/0, மெல்லியது. மயிர் கடையில் வாங்கியது. கைநீளத் தோல் பட்டை, நுனி கூராக இருக்கும், ஒரு பக்கம் முழுக்க வெள்ளை, மறுபக்கம் மண்ணிறம், மயிர் ஒவ்வொன்றும் நான்கு அங்குலம் வரும். தலை கட்ட இது சரியா என்று கேட்டேன். "மான் மயிர் என்றால் மான் மயிர்தான்" என்றார் கடைக்காரர்.

இன்னொன்று. என்னோடு வேலை செய்கிற ஒருவர் நவம்பரில் மான் வேட்டைக்குப் போனவர், தோலில் ஒரு துண்டு தந்தார், சாரம் அளவு இருக்கும். கறுப்புக் குப்பைப் பையில் கட்டி கராஜில் வைத்திருக்கிறேன், குளிருக்கு இன்னும் கட்டியாகத்தான் கிடக்கிறது. வெயில் வருவதற்குள் என்ன செய்வது? அம்மா எங்களோடுதான் இருக்கிறா. அவவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில் சீசன் திறந்ததும் ஃபேர்கஸ் பக்கம் கிராண்ட் ஆற்றுக்குப் போகவேண்டும். அதற்குள் நாலு மட்லர் வேண்டும்.


லெஸ்டர் அக்கா எழுதியது:

8/0 நூலால் மான் மயிரை விரிக்க நினைத்தால் அறுந்துகொண்டுதான் இருக்கும். அந்த நூல் நிம்ஃபுக்கும் (நீர்ப்பூச்சிக் குஞ்சு மாதிரிக் கட்டுவது) சின்ன உலர் ஃப்ளைக்கும் (தண்ணீர்மேல் மிதப்பது) சரி. தலை கட்டும் இடத்துக்கு வந்ததும் 210 டெனியர் (நூல் தடிப்பின் அளவு) தட்டை நூலுக்கு மாறுங்கள், அல்லது ஜிஎஸ்பி என்ற மிக வலுவான செயற்கை நூல் வாங்குங்கள். ஜிஎஸ்பியைக் கையால் அறுக்க முடியாது, விரல்தான் அறுபடும். வழுக்கும், ஆகவே மெழுகு பூசிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிற அவசரம், பிறகு வந்து எழுதுகிறேன்.


பாசையூரான் எழுதியது:

தம்பி, அக்கா சொன்ன நூல் விசயம் சரி. ஆனால் நூல் பிறகு. முதலில் அந்தத் தோல் பட்டையை எடுத்து மேசையில் போடும். நீளப் பட்டை, கூர் நுனி, ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் மண்ணிறம் என்று நீரே எழுதியிருக்கிறீர். அது மானின் வால். பக்ரெயில் என்று விற்பது அதைத்தான். செட்டை கட்ட அருமையான சாமான், தலை கட்ட உதவாது. நீர் ஒன்பது முறை தோற்றது உம்முடைய கைப்பிழை இல்லை. இரும்புக் கயிற்றால் கட்டி இழுத்தாலும் வால்மயிர் பூவாகாது.

ஏன் என்று ஒரு தடவை கண்ணால் கண்டுவிட்டால் பிறகு மறக்காது. உம்மிடம் இருக்கிற தோலில் முதுகுப் பக்கத்து மயிர் ஒன்றை எடுத்து, சவர பிளேட்டால் குறுக்கே வெட்டி, பூதக்கண்ணாடியில் பாரும். உள்ளே குழாய் மாதிரி ஓட்டை என்று சொல்லுவார்கள், குழாய் இல்லை. தேன்கூடு மாதிரி குட்டிக் குட்டி அறைகள், அறைக்குள் காற்று. ரெஜிபோம் துண்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளும். குளிருக்கு மான் போட்டிருக்கிற ஜாக்கெட் அது. நூல் ஓரிடத்தில் நசுக்கினால் அந்த இடம் சப்பையாகும், சப்பையான இடத்துக்கு இரண்டு பக்கமும் மயிர் துள்ளி நிமிரும். விரிகிறது என்பது இவ்வளவுதான். வாலில் அந்தக் காற்றறை குறைவு. அடியில் கொஞ்சம் இருக்கும், நுனிக்குப் போகப் போக இல்லை. உம்முடைய ஏழாவது மட்லரில் அடி கொஞ்சம் விரிந்தது என்றீரே, அதற்கு அதுதான் காரணம்.

நவம்பர் மான் என்பது உமக்கு அடித்த லொத்தர். கோடையில் மானுக்குச் செம்மண் நிறத்தில் மெல்லிய மயிர், அது அவ்வளவாக விரியாது. நவம்பரில் வின்ரர் உடுப்பு மாற்றியிருக்கும், சாம்பல் கலந்த மண்ணிறம், தடிப்பு. அதிலும் இடம் பார்த்து எடுக்கவேண்டும். வாலுக்கு மேலே பிட்டத்துப் பக்கமும் விலாவும் தலை கட்ட நல்லது. வயிற்று வெள்ளையும் நன்றாக விரியும், சாயம் போடுகிறவர்கள் அதற்குத்தான் அடிபடுவார்கள். காலுக்கும் முகத்துக்கும் போகப் போக மயிர் குட்டையாகி விரிவது குறையும், அதை கடிஸ் என்ற நீர்ப்பூச்சி மாதிரி ஃப்ளையின் செட்டைக்கு ஒதுக்கி வையும்.

தோலை என்ன செய்வது என்று கேட்டீர். இவ்வளவு நாளும் உறைந்து கிடந்தது நல்லதுதான், உண்ணி கிண்ணி இருந்தால் பெரும்பாலும் போயிருக்கும். ஆனாலும் கையுறை போடும். பாதி இளகும்போதே கொழுப்பையும் இறைச்சித் துணுக்கையும் கத்தியின் முதுகால் வழித்து எடும். முழுக்க இளகினால் வழுக்கும், நாறும். பிறகு கோப்பை கழுவுகிற சோப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் இரத்தம் போகும்வரை அலசும். பலகையில் மயிர் கீழே இருக்க விரித்து ஆணி அடித்து, தோல் பக்கத்தில் போராக்ஸ் தாராளமாகத் தேயும். ஈரம் பிடித்த தூளை இரண்டு நாளுக்கு ஒருமுறை வழித்துவிட்டுப் புதுசு போடும். அப்பளம் மாதிரி விறைத்துவிட்டால் சரி, உள்ளங்கை அளவு துண்டாக வெட்டி, முதுகு, விலா, வயிறு என்று எழுதி சிப் பையில் போட்டு வையும். மற்ற இறகு மயிரோடு சேர்க்க முதல் அந்தப் பையைச் சில நாள் ஃப்ரீசரில் வையும். ஒரு பூச்சி முட்டை தப்பினால் போதும், முழுப் பெட்டியும் தூளாகிவிடும். எனக்கு ஒருமுறை நடந்தது, இரண்டு நல்ல சேவல் கழுத்து இறகுத் தோல் போய்விட்டது. அம்மாவிடம் நீரே முதலில் சொல்லிவிடும். ஃப்ரீசரில் அவவாகக் கண்டுபிடித்தால் கதை வேறு.

இனிக் கட்டுகிற வேலை.

உம்முடைய அடுத்த பிழையை நான் பார்க்காமலே சொல்லுகிறேன். செட்டையை முள்ளின் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து கட்டியிருக்கிறீர். பழகுகிற எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். தண்டில் முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்கவேண்டும், நூல்கூடச் சுற்றக் கூடாது. வெறும் கம்பியில்தான் மயிர் உருண்டு சுற்றிவரும்.

தோலை ஒட்டி வெட்டி எடுக்கிற மயிர் பென்சில் தடிப்புக்கு மேல் வேண்டாம். நுனியைப் பிடித்துக்கொண்டு அடியைச் சீவும். அடியில் பஞ்சு மாதிரி ஒரு மெல்லிய மயிர் இருக்கும், அது ஒரு கொத்து மிஞ்சினாலும் நூல் அதில் மாட்டிக்கொள்ளும், மயிர் விரியாது. இதற்குக் கடையில் பத்து டொலருக்குச் சீப்பு விற்கிறார்கள். நம்மட பேன் சீப்பு அதைவிடத் திறம்.

நுனியை ஒரே மட்டமாக்க ஸ்டாக்கர் என்ற குட்டிக் குழாய் இருந்தால் அதில் போட்டு மேசையில் தட்டும். இல்லாவிட்டால் மனைவியிடம் கேட்டு, முடிந்துபோன லிப்ஸ்டிக் குழாயை வாங்கும். தட்டி எடுத்த கட்டை நுனி பின்னால் இருக்கத் தண்டின்மேல் வையும், நுனி தண்டின் பாதிவரை போனால் போதும். அதுதான் காலர். இப்போது இரண்டு சுற்று, இறுக்காமல், மயிரைச் சும்மா அணைக்கிற மாதிரி. மூன்றாவது சுற்று ஓடும்போது கீழ்நோக்கி நேராக இழும். ஒரே இழுவையாக, ஆனால் வெட்டி இழுக்காமல். மயிர் நிமிரத் தொடங்கிய அந்தக் கணத்தில் இடக்கை விரலை விடவேண்டும். விட்டால் அது தானாகத் தண்டைச் சுற்றி ஓடும். பிடித்துக்கொண்டே இருந்தால் ஒரு பக்கமாகக் குந்திவிடும், உம்முடைய ஏழாவதில் நடந்த மாதிரி. பிறகு நூலை மயிருக்குள் அப்படியும் இப்படியும் ஆட்டி ஆட்டி மூன்று நாலு சுற்று, நூல் மயிரைப் படுக்க வைக்காமல் இடைவெளி தேடிப் போகவேண்டும். மயிரைப் பின்னால் ஒதுக்கி, முன்னால் ஒரு முடிச்சு. மையில்லாத போல்பொயின்ற் பேனைக் கூட்டை முள்ளின் கண்ணுக்கு மேலால் போட்டு மயிரைப் பின்னால் தள்ளும். அடுத்த கட்டுக்கு நுனி தேவையில்லை, வெட்டி எறிந்துவிட்டு அதே மாதிரிச் செய்யும். இரண்டு கட்டு, கூடிப்போனால் மூன்று.

எவ்வளவு இழுக்கலாம் என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. நான் ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் ஃபக்ரரியில் இரவு வேலை செய்த காலத்தில் தண்டர் பே பக்கத்து வெள்ளைக் கிழவர் ஒருவர் கூட இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் மேசையில் இடுக்கியைப் பூட்டிவிட்டு ஃப்ளை கட்டுவார். எனக்குப் படிப்பித்த முதல் இரவு மயிரைத் தொடவே விடவில்லை. வெறும் முள்ளில் நூலைச் சுற்றி அறு அறு என்று இருபது தரம் அறுக்க வைத்தார். "அறுகிறதுக்கு ஒரு முடி முந்தி எங்கே என்று உன் விரலுக்குத் தெரியவேண்டும்" என்றார். பாசையூரில் வலை இழுத்த கை இது, எனக்கா இழுக்கத் தெரியாது என்று மனசுக்குள் சிரித்தேன். பத்தொன்பதாவது தரம்தான் விளங்கியது.

அவருடைய ஊருக்குக் கிட்ட இருக்கிற நிப்பிகன் ஆற்றில்தான் மட்லர் பிறந்தது. டொன் கேப்பன் என்பவர் 1930-களில் கட்டியது. பதினாலரை இறாத்தலில் புரூக் ட்ரவுட் பிடிபட்டு உலக சாதனையான ஆறும் அதுதான், நூறு வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் அதை ஒருவரும் தாண்டவில்லை. அந்த ஆற்றுக் கல்லுகளுக்குள் ஸ்கல்பின் என்று ஒரு குட்டி மீன். ஊரில் உழுவை பார்த்திருப்பீர், அந்தச் சாயல்தான், பெரிய சப்பைத் தலையும் சூம்பிய உடம்பும். அதைப் பார்த்துக் கட்டியதுதான் மட்லர். உம்முடைய கிராண்டிலும் அதே சாதி கல்லுக்குள் கிடக்கிறது. ஃபேர்கஸுக்கு மேலே 1942-இல் கட்டிய ஷாண்ட் அணை அடித்தண்ணீரைத் திறந்துவிடுகிறபடியால் கோடையிலும் ஆறு குளிர்ந்தே ஓடுகிறது. அதனால்தான் 1989-இல் இருந்து அங்கே புறவுண் ட்ரவுட் குஞ்சு விடுகிறார்கள். பெரிய புறவுண் பூச்சி தின்று வயிறு நிரப்பாது, உழுவையைத்தான் தேடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்கல்பினுக்கு உடம்பில் காற்றுப்பை இல்லை, அடியோடு அடியாகத்தான் கிடக்கும். நாம் அதன் தலையைக் கட்டுவதோ காற்று நிறைந்த மயிரால். வீடியோக்காரர் தக்கை மாதிரி அடைத்து, பிளேட்டால் செதுக்கி, உருண்டையாக வழவழவென்று ஒரு தலை செய்கிறாரே, வடிவுதான், ஆனால் அது மிதக்கும். மொன்ரானாவில் டான் பெய்லி என்பவர் மட்லரைப் பரப்பியபோதுதான் தலை அப்படி அடர்த்தியாகவும் ஒழுங்காகவும் ஆனது. கேப்பன் கட்டிய பழைய மட்லர்களின் தலை ஐதாக, பரட்டையாக இருக்கும். தண்ணீர் குடித்துத் தாழும். எலி கடித்த தேங்காய் என்று நீர் எழுதியதை வாசித்துச் சிரித்தேன். ஆற்றுக்கு அந்தத் தேங்காய்தான் நல்லது தம்பி. உடம்புக்குள் ஈயம் கலக்காத கம்பி பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டுக் கட்டும், அடியைத் தொடும்.

கத்தரிக்கும்போது முதலில் அடிப்பக்கத்தைத் தட்டையாக வெட்டும், முள்ளின் வாய் திறந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் மீன் கடிக்கும், கொழுவாது.


அவலாஞ்சி எழுதியது:

ஊட்டியிலிருந்து எழுதுகிறேன். பாசையூர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நம்ம ஊர்க்காரர்கள் யாராவது உற்சாகத்தில் கிளம்பிவிடக் கூடாதே என்பதற்காக ஒரு வார்த்தை. இந்தியாவில் கடமான், புள்ளிமான் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை. முள்வேலியில் சிக்கியிருந்த முடிதானே, ரோட்டில் அடிபட்டுக் கிடந்ததுதானே என்று எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் எமரால்டு பக்கம் போனால் கடமான் தேயிலைக்குள் நின்று என்னை வேடிக்கை பார்க்கும். அதன் கழுத்து முடியைப் பார்த்துக் கை அரிக்கும், அரிப்போடு விட்டுவிட வேண்டியதுதான். காட்டுக்கோழியும் இதே கதை. நம் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகுத் துளி மாதிரி புள்ளி இருக்கும். சால்மன் ஃப்ளையில் கண் வைக்க ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகப் போனது இங்கிருந்துதான். இன்று பிரிட்டனில் பண்ணையில் வளர்த்து எடுக்கிறார்கள்.

நான் மட்லர் தலைக்கு ஆட்டு ரோமம் வைக்கிறேன். வெள்ளாடு அல்ல, செம்மறி. சாண்டிநல்லா பக்கம் நீலகிரி இனச் செம்மறி வைத்திருக்கும் ஒருவர் கத்தரிக்கும் நாளில் ஒரு பை தருவார். விரல் தடிமனில் ஒரு கொத்தைத் தண்டின் குறுக்கே வைத்து நடுவில் கட்டினால் இரண்டு பக்கமும் விரியும். மான் முடி மாதிரித் துள்ளாது, சோம்பலாக விரியும். அடுத்த கொத்து, அதற்கடுத்தது என்று முன்னால் நெருக்கிக்கொண்டே வந்து, சீப்பால் சீவி, கத்தரிக்கோலால் தலையை அகலமாகத் தட்டையாக வெட்டுகிறேன். ஈரம் குடித்தவுடன் கல் மாதிரி இறங்கும். ஐயா சொன்ன மிதக்கும் பிரச்சினையே இதில் கிடையாது. இங்கே ஆங்கிலேயர் காலத்தில் விட்ட ரெயின்போ ட்ரவுட் அணைகளிலும் ஓடைகளிலும் இன்றும் இருக்கிறது, அதற்கு இந்தத் தலை போதும்.

மிதக்கத்தான் வேண்டும் என்றால் ஸ்டேஷனரிக் கடையில் பிள்ளைகள் கைவேலைக்கு விற்கிற ஃபோம் ஷீட் இருக்கிறதே, இரண்டு மில்லிமீட்டர். வெட்டுக்கிளி கட்ட அதைவிட மலிவான சாமான் இல்லை.

அப்புறம் ஒரு சின்னச் சந்தேகம். யாழ்ப்பாணத்தில் சபை நடுவே "மயிர்" என்று சாதாரணமாகவே சொல்வீர்களா? என் மனைவி இந்தத் தலைப்பை எட்டிப் பார்த்துவிட்டு, போனில் என்ன படிக்கிறீர்கள் என்று முறைத்தாள்.


லெஸ்டர் அக்கா எழுதியது:

அவலாஞ்சி, சொல்வோம், மனைவியிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பாசையூர் அண்ணை, இரண்டு இடத்தில் உங்களோடு சண்டை இருக்கிறது. வெறும் தண்டில் மயிர் நன்றாகச் சுற்றும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழகுகிறவர் வெறும் தண்டில் கட்டினால் நாலு மீன் கடித்த பிறகு தலை முழுவதும் மோதிரம் மாதிரிச் சுழலத் தொடங்கும். நான் ஐதாக ஒரு வரிசை நூல் போட்டு, அதில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து, ஈரம் காய முதல் மயிரைக் கட்டுகிறேன். சுற்றி ஓடுவது குறையும்தான். ஆகவே ஒரு கட்டை மேலே, ஒரு கட்டைக் கீழே என்று தனித்தனியாக விரிக்கிறேன். இப்படிக் கட்டினால் மேலே மண்ணிறம், வயிற்றுக்கு வெள்ளை என்று நிறமும் பிரிக்கலாம்.

இரண்டாவது, அடர்ந்த தலையைப் பழிக்காதீர்கள். நான் போவது இங்கிலாந்தில் ரட்லண்ட் வோட்டர். பெரிய நீர்த்தேக்கம், காற்றடித்தால் அலை எழும்பும். அங்கே மட்லரை அடியில் இழுப்பதில்லை, அலையின் முதுகில் இழுக்கிறோம். தக்கை மாதிரி அடைத்த தலை தண்ணீரைக் கீறிக்கொண்டு வர, பின்னால் கோடு விழும், ட்ரவுட் அந்தக் கோட்டைத்தான் துரத்தும். பரட்டைத் தலை நாலாவது இழுவையில் மூழ்கிவிடும். ஜோன் கொடார்டும் கிளிஃப் ஹென்றியும் கட்டிய ஜி அன்ட் எச் செட்ஜ் என்ற ஃப்ளையும் இந்தக் குணத்தை வைத்துத்தான், உடம்பு முழுவதும் மான் மயிரை அடைத்துச் செதுக்கியது. அதனால் மார்க்கத்தான், ஆற்றுக்கு ஒரு தலை, ஏரிக்கு ஒரு தலை என்று இரண்டும் பழகுங்கள்.

கத்தரிக்க முதல் கேத்தில் ஆவியில் பத்து செக்கன் காட்டுங்கள். நசுங்கிக் கிடந்த மயிர் எல்லாம் எழும்பும், எது நீட்டு எது கட்டை என்று அப்போதுதான் தெரியும். பழைய மாதிரி இரண்டு பக்கச் சவர பிளேட்டை உறையோடு வைத்தே நடுவில் முறித்து, பாதியை விரலால் வளைத்துப் பிடித்தால் தலையின் வளைவு ஒரே வெட்டில் வரும். விரல் கவனம். நான் தாதி, தையல் போடும் இடத்தில் வேலை, அப்படி இருந்தும் இரண்டு தரம் வெட்டிக்கொண்டேன்.

கனடா வின்ரரில் ஹீட்டர் போட்ட வீட்டில் மயிர் ஸ்டாக்கரில் ஒட்டிப் பறக்குமே, உடுப்புக் காய்ச்சும் மெஷினுக்குள் போடுகிற வாசத்தாளால் ஸ்டாக்கரின் உள்ளே ஒருமுறை துடைத்துவிடுங்கள். தேர் முடிந்ததும் கோயிலில் காவடி மயிலிறகு உதிர்ந்து கிடந்தால் கேட்டு வாங்கி வையுங்கள். நிம்ஃப் உடம்புக்கு அதை வெல்ல ஒன்றும் இல்லை.


மார்க்கத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு மாதம் கழித்து வருகிறேன், கோபிக்கவேண்டாம்.

அண்ணை சொன்னபடி அம்மாவிடம் முதலில் சொல்லத்தான் இருந்தேன். ஒரு நாள் பிந்திவிட்டது. ஒடியல்மா எடுக்க ஃப்ரீசரைத் திறந்தவ பையைக் கண்டுவிட்டா. "இதென்ன ஆட்டுத் தோலா, பங்கு இறைச்சி வாங்கினியோ?" என்று கேட்டா. மான் என்றதும் பத்து நிமிடம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு நான் மேசையில் இருந்து அடிமயிரைச் சீவிச் சீவி அந்தரப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவ, உள்ளே போய், ஊரில் இருந்து கொண்டுவந்த பேன் சீப்பை எடுத்துக்கொண்டு வந்தா. "விடு, நுனியைப் பிடி" என்றா. இரண்டு இழுவை. ஒரு பஞ்சு மிச்சமில்லை. இப்போது சீவுவது அவவின் பகுதி. தங்கச்சிக்குச் சீவின கை என்று பெருமை வேறு.

வால்மயிரையும் உடம்புமயிரையும் வெட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மகளும் பார்த்தாள். அந்தத் தேன்கூட்டைப் பார்த்த பிறகு கடையில் வாங்கிய பட்டையின்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அதில் செட்டை கட்டுகிறேன்.

நூல் இருபது தரம் அறுத்தேன். உண்மையில் இருபத்திமூன்று. பிறகு உடம்புமயிரை வைத்து மூன்றாவது சுற்றை இழுத்து விரலை விட்டேன். சுற்றி ஓடியது. எழும்பி நின்று கத்திவிட்டேன், கீழே சமையலறையில் இருந்து மனைவி என்ன ஆச்சு என்று ஓடி வந்தா.

போன ஞாயிறு ஃபேர்கஸ். பாலத்துக்குக் கீழே, தண்ணீர் முழங்கால் அளவு. முதலாவது மட்லர், அண்ணை முறைப்படி வெறும் தண்டில் கட்டியது, மூன்றாவது வீச்சில் கல்லுக்குள் மாட்டித் தங்கூசியோடு போய்விட்டது. ஆக, அடியைத் தொட்டது என்பது உறுதி. இரண்டாவது அக்கா முறை, நகப்பூச்சு வைத்தது. ஒரு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு பெரிய கல்லின் பின்பக்கம் இழுத்து நிறுத்தியபோது கை ஒருமுறை கனத்தது. பதினான்கு அங்குலம் இருக்கும், புறவுண். விட்டுவிட்டேன். ஃப்ளையைப் பார்த்தால் காலர் பாதி இல்லை, தலையில் ஒரு பக்கம் வழுக்கை. ஆனால் தலை சுழலவில்லை அக்கா.

இப்படி ஒரு மீனுக்கே மயிர் கொட்டுவது வழமையா, அல்லது என் கட்டு தளர்வா? தோலில் இன்னும் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது. வயிற்றுப் பக்கத்து வெள்ளையை என்ன செய்வது என்று தெரியவில்லை, மஞ்சள் தூளில் சாயம் போடலாம் என்கிறா அம்மா.


பாசையூரான் எழுதியது:

ட்ரவுட்டுக்கு மேல்வாயில் பல்லு இருக்கிறது தம்பி, கொட்டத்தான் செய்யும். மயிர் நடுவால் முறிந்திருந்தால் பல்லு, அடியோடு உருவி வந்திருந்தால் கட்டுத் தளர்வு. கையில் எடுத்துப் பாரும். உருவி வந்திருந்தால் நூலை மயிருக்குள் ஆட்டி ஓட்டுகிற அந்த மூன்று சுற்றை நீர் அவசரமாக முடித்திருக்கிறீர், அந்த இடத்தில் பொறுமையாகச் சுற்றும். அக்காவின் நகப்பூச்சை நானும் ஒருமுறை செய்துபார்க்கத்தான் வேணும் போல் இருக்கிறது.

மஞ்சள் தூள் பிடிக்கும், வெயிலுக்கு வெளிறும். ஒரு கைத்துண்டை மட்டும் அம்மாவிடம் குடும். மிச்ச வெள்ளையை வெட்டாமல் வையும், நான் அடுத்த சனிக்கிழமை மார்க்கம் பக்கம் வருகிறேன்.